விடை தெரியாத சோதனை

அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டும் பழக்கம் இப்போது பரவலாக வந்துவிட்டது. 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கிய பிறகு எங்கள் பிளஸ் டூ பிள்ளைகளும் போய்வருகிறார்கள். மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்த ஒரு பெண், கல்லூரி என்றால் எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டு வருவது பெரிய காரியம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பல்கலைக்கழகமும் பள்ளியும் கைகோத்து அறிவியல் வளர்க்க வேண்டும் என்று பேசுகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு நாளோடு நின்றுவிடுகிறார்கள். காலையில் வரவேற்பு, ஹாலில் ஒரு பவர்பாயிண்ட், லேப்களை வாசலில் நின்று எட்டிப்பார்த்தல், மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ. திரும்பிவந்த பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் கட்டடத்தையும் கேன்டீனையும் சொல்வார்கள். அவர்களுக்குக் காட்டியது அதைத்தானே.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியை. பல்கலைக்கழகம் பள்ளிக்கு எதைத் தர முடியும் என்று யாராவது கேட்டால், கருவிப் பட்டியலை நீட்டுவதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: விடை தெரியாத ஒரு கேள்வியைக் கொடுங்கள்.

எங்கள் லேபில் நடக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் விடை முன்கூட்டியே தெரியும். ஸ்பெக்ட்ரோமீட்டரில் கண்ணாடி முப்பட்டகம் வைத்தால் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டி வர வேண்டும். ஒரு பிள்ளைக்கு 1.38 என்று வந்தால், எங்கே பிசகியது என்று தேட நேரமில்லை. கோணத்தை மாற்றி எழுதி 1.5-க்குக் கொண்டுவந்துவிடும். வேதியியல் லேபில் உப்பு ஆய்வு என்றால், சோதனைக் குழாயைத் தொடுவதற்கு முன்பே உப்பின் நிறத்தையும் பொடியின் பருமனையும் வைத்து என்ன உப்பு என்று முடிவு கட்டிவிடுவார்கள். இதற்காகப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வராது. நூறு மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20 மொத்தமாகக் கிடைக்க வேண்டும் என்று பிள்ளையும் நினைக்கிறது, பெற்றோரும் நினைக்கிறார்கள், நாங்களும் நினைக்கிறோம். விடை சரியாக வந்தால் போதும் என்று எல்லோருமாகச் சேர்ந்து பழக்கிவிட்டோம்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் நடப்பது நேர் எதிர். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவிக்குத் தன் விடை தெரியாது, அவளுடைய வழிகாட்டிக்கும் தெரியாது. வந்த எண்ணை நம்பலாமா என்று நாள்கணக்கில் குடைவதுதான் அவர்கள் வேலை. அந்தப் பழக்கத்தில் கொஞ்சமாவது பள்ளிக்குள் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நடுநிலை வகுப்புகளுக்கு அரசு ஓரளவு வழி செய்திருக்கிறது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தில், கருத்தாளர்கள் பள்ளிக்குப் பள்ளி போய் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளைக் கையால் சோதனை செய்யவைக்கிறார்கள். ‘எங்கும் அறிவியல் யாவும் கணிதம்’ என்பது அதன் முழக்கம். எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பில் அந்த நாளில் இருக்கும் சத்தம் எனக்குப் பிடிக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது. அடுத்த வருடம் பத்து, அதற்கப்புறம் பிளஸ் ஒன், பிளஸ் டூ. பதினான்கிலிருந்து பதினேழு வயது வரை, பிள்ளைகள் தாமாக யோசிக்கக்கூடிய வயதில், அவர்களோடு உட்கார்ந்து சோதனை செய்ய வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. கல்லூரிகள் நுழைய வேண்டிய இடம் இதுதான்.

ஒரு வருடம் எங்கள் வேதியியல் ஆசிரியை ஒரு வேலை செய்தார். மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கும் மாணவிகள் சிலரை, அவர்களுடைய பேராசிரியர் மூலமாகச் சனிக்கிழமைகளில் வரவழைத்தார். பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவர வேண்டும். போர் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர், கண்மாய்த் தண்ணீர், ஒருத்தி கடையில் வாங்கிய கேன் தண்ணீரும் கொண்டுவந்தாள். கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகளின் அளவு, பார்க்க வேண்டும். பியூரெட்டும் பிப்பெட்டும் எங்களிடமே இருந்தன, ஈ.டி.டி.ஏ. கரைசலையும் அமோனியா பஃபரையும் நிறங்காட்டியையும் கல்லூரியிலிருந்து கொண்டுவந்தார்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் செந்நிறம் மாறி நீலமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். தேர்வுக்காக வருடம் பூராவும் பழகும் அதே தரம்பார்த்தல்தான், கைப்பழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் இந்த முறை சரியான விடையை யாரும் கையில் வைத்திருக்கவில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்குப்படி குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். தன் வீட்டு போர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகு, பருப்பு வேகாத காரணமும் சோப்பு நுரைக்காத காரணமும் பிள்ளைகளுக்குப் புத்தகத்துக்கு வெளியே வந்துவிட்டன. அதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல வகுப்பு, அவ்வளவுதான். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் கொண்டுவந்த போர் தண்ணீர் இரண்டும் வெகுவாக வித்தியாசப்பட்டபோதுதான் விஷயம் சூடுபிடித்தது.

“ஏங்க்கா, பக்கத்துப் பக்கத்து வீடுதானே, எப்படி மாறும்?”

எம்.எஸ்சி. படிக்கும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். “எனக்கும் தெரியலையே. முதல்ல நாம சரியாத்தான் பாத்தோமான்னு இன்னொரு தடவை பாப்போம். அப்புறம் ரெண்டு போரும் எத்தனை அடின்னு வீட்ல கேட்டுட்டு வாங்க.”

கல்லூரியிலிருந்து வந்த அக்காவுக்கே தெரியவில்லை என்பது அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல் தடவை கேட்ட செய்தி என்று நினைக்கிறேன். மறு வாரம் ஆழத்தை எழுதிக்கொண்டு வந்தார்கள். சிலர் அப்பாவிடம் கேட்டு, சிலர் போர் போட்ட வண்டிக்காரரிடமே கேட்டு. ஆழத்தை ஒரு அச்சிலும் கடினத்தன்மையை இன்னொரு அச்சிலும் வைத்து வரைபடத் தாளில் புள்ளி வைத்தார்கள். நேர்கோடு வரவில்லை. புள்ளிகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. இந்த இடத்தில் புவியியல் தெரிந்த ஒரு பேராசிரியர் வந்து பேசினார். மதுரை வட்டாரத்தில் அடியில் இருப்பது கடும்பாறை. தண்ணீர் பாறையின் மேலே சிதைந்த மண்ணடுக்கிலும், பாறை வெடிப்புகளிலும்தான் நிற்கிறது. இரண்டு போர்கள் பத்தடி தள்ளியிருந்தாலும் வெவ்வேறு வெடிப்பில் இறங்கியிருக்கலாம், அந்த வெடிப்புகளுக்குத் தண்ணீர் வந்து சேரும் வழியும் வேறாக இருக்கலாம். “அப்போ ஆழம் காரணமில்லையா?” என்று ஒரு பையன் விடாமல் கேட்டான். “ஆழமும் ஒரு காரணமா இருக்கலாம். இந்தப் புள்ளிகளை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. மழைக்கு முன்னாடி ஒண்ணு, மழைக்குப் பின்னாடி ஒண்ணு எடுத்துப் பாருங்க” என்றார் அவர். பிள்ளைகள் எடுத்தார்கள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு பாட்டிலோடு வந்தார்கள்.

அந்த வருடச் செய்முறைத் தேர்வு நெருங்கியபோது, வேதியியல் ஆசிரியை என்னிடம் ஒன்று சொன்னார். தரம்பார்த்தலில் இரண்டு அளவீடுகள் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பிள்ளைகள் எண்ணைத் திருத்தாமல் மூன்றாவது தடவை விட்டுப் பார்க்கிறார்களாம். என்னைக் கேட்டால் அந்த வருடம் கிடைத்த பெரிய பலன் இதுதான்.

இயற்பியலில் நாங்கள் எடுத்தது நிழல். மதுரையின் அட்சரேகை ஏறக்குறைய 9.9 பாகை வடக்கு. அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருகிறது. செங்குத்தாக நட்ட குச்சிக்கு அன்றைய உச்சிப்பொழுதில் நிழலே இருக்காது. ஏப்ரலில் தேர்வுக் காலம் என்பதால் ஆகஸ்டைப் பிடித்துக்கொண்டோம். அதே நாளில் சென்னையில் ஒரு பள்ளி தங்கள் குச்சியின் நிழலை அளந்தால், இரண்டு ஊருக்கும் நடுவில் பூமி எத்தனை பாகை வளைகிறது என்று தெரிந்துவிடும். அதை வைத்து பூமியின் சுற்றளவைக் கணக்கிடலாம். இரண்டாயிரம் வருடங்களுக்கும் முன் எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் செய்த கணக்கு. என்னோடு பி.எட். படித்த தோழி ஒருத்தி சென்னையில் ஆசிரியையாக இருக்கிறாள். அங்கே அவள், இங்கே நான், நடுவில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இருவர்.

பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்று புத்தகத்திலேயே இருக்கிறதே, இது எப்படி விடை தெரியாத சோதனை என்று கேட்கலாம். நம் குச்சியை வைத்து அந்த எண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியும் என்பது யாருக்கும் தெரியாது. அதுதான் கேள்வி.

முதல் சிக்கல் பன்னிரண்டு மணிக்கே வந்தது. “டீச்சர், மணி பன்னெண்டாச்சு, நிழல் இருக்கே?” மணிக்கூண்டு காட்டும் இந்தியப் பொது நேரத்தின் பன்னிரண்டு 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. மதுரை அதற்கு நாலு பாகைக்கு மேல் மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வர 12.18, 12.19 ஆகிவிடும். சென்னைக்கு அதைவிட எட்டு ஒன்பது நிமிடம் முன்னால். ஆகவே இரண்டு பள்ளியும் ஒரே நேரத்தில் அளக்கக் கூடாது; அவரவர் ஊரில் நிழல் மிகக் குட்டையாகும் நொடியில் அளக்க வேண்டும். இதைப் பிள்ளைகளே போனில் பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது, தூரம். பையன்கள் உடனே பஸ் கணக்கில் 460 கிலோமீட்டர் என்று போட்டார்கள். ஒரு மீட்டர் குச்சிக்குச் சென்னையில் நிழல் ஐந்தரை சென்டிமீட்டர், கோணம் மூன்று பாகைக்குச் சற்று மேல். பூமியின் சுற்றளவு 52,000-ஐத் தாண்டிவிட்டது. நமக்கு வேண்டியது வடக்கு தெற்குத் தூரம் மட்டும், சென்னை கிழக்கேயும் தள்ளி இருக்கிறது என்று ஒருத்தி வரைபடத்தைப் பார்த்துச் சொன்னாள். உடனே இன்னொருவன் இரண்டு ஊரின் அட்சரேகை வித்தியாசத்தை எடுத்து 111-ஆல் பெருக்கினான். பல்கலைக்கழகத்துப் பையன் அவனைத் தடுத்தான். “தம்பி, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர்னு எப்படி வந்துச்சு? பூமியோட சுற்றளவை 360-ஆல வகுத்துத்தானே? அப்போ கண்டுபிடிக்க வேண்டியதையே எடுத்துப் போட்டுட்டு, கண்டுபிடிச்சேன்னு சொல்ற.” அந்த மாணவன் முகம் மாறியதை மறக்க மாட்டேன். கடைசியில் அளவுகோல் போட்ட வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். 350 கிலோமீட்டரை ஒட்டி வந்தது.

மூன்றாவதுதான் நான் ரசித்தது. நிழலின் ஓரம் கூர்மையாக இருக்காது. சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலத்துக்கு இருப்பதால், ஒரு மீட்டர் குச்சியின் நிழல் நுனி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு மங்கலாகப் பரவிக் கிடக்கும். எந்த இடத்தில் கோடு போடுவது? அரை சென்டிமீட்டர் தள்ளிப் போட்டால் பூமியின் சுற்றளவு மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் மாறிவிடுகிறது. குச்சியை நீளமாக்கலாம் என்றார்கள். மங்கலும் அதே விகிதத்தில் நீளும். பல்கலைக்கழகத்து மாணவர்கள் விடையைச் சொல்லாமல் ஒரு வாரம் விட்டுவைத்தார்கள். பிறகு குச்சியின் உச்சியில் ஒரு அட்டையைப் பொருத்தி நடுவில் சின்ன ஓட்டை போடச் சொன்னார்கள். தரையில் விழுந்தது சூரியனின் வட்டமான பிம்பம். வட்டத்தின் மையத்தைக் குறிப்பது மங்கலான ஓரத்தைத் தேடுவதைவிட எவ்வளவோ சுலபம். ஊசித்துளைக் கேமராவைப் பற்றி ஐந்து மதிப்பெண் பதில் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு, அது ஒரு அளவீட்டைக் காப்பாற்றும் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கும் அன்று மனசு நிறைந்துபோயிருந்தது.

இத்தனைக்கும் பெரிய செலவு ஒன்றுமில்லை. கல்லூரி மாணவர்களின் பஸ் காசு, கொஞ்சம் ரசாயனம், அட்டை.

மதுரைக்கு இந்த விஷயத்தில் இருக்கும் வசதி எத்தனை ஊருக்கு இருக்கும்? அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தொடங்கியது, மதுரைக் கல்லூரி 1889-இல். லேடி டோக், தியாகராசர், பாத்திமா எல்லாம் சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வந்தவை. திருப்பரங்குன்றம் பக்கம் தியாகராசர் பொறியியல் கல்லூரி, யானைமலை அடிவாரத்தில் வேளாண் கல்லூரி, நாகமலையில் 1966-இல் பிறந்த பல்கலைக்கழகம். எங்கள் பிள்ளைகள் மதுரைக்குப் போகும் பஸ்ஸே வேளாண் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் போகிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற விஞ்ஞானி உயிரியல் கடிகாரம் பற்றிய ஆய்வை வளர்த்தார். குகை வௌவால்கள் இருட்டுக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தும் பொழுது சாய்ந்ததை எப்படி அறிகின்றன, வெளிச்சமும் மணியும் தெரியாத தனி அறையில் மனிதனை வைத்தால் அவன் நாள் எத்தனை மணி நேரமாகிறது என்றெல்லாம் அங்கே ஆராய்ந்தார்கள். இதைக் கேட்டதிலிருந்து எங்கள் பள்ளி மைதானத்துத் தூங்குமூஞ்சி மரத்தை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். அது எத்தனை மணிக்கு இலையை மடிக்கிறது? மூட்டம் போட்ட நாளில் முன்னதாக மடிக்கிறதா? மார்கழியிலும் சித்திரையிலும் நேரம் மாறுகிறதா? ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும் போதும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வருடத்துக்கு எழுதலாம். நாங்கள் இன்னும் இதைத் தொடங்கவில்லை. விலங்கியலோ தாவரவியலோ படிக்கும் ஆய்வு மாணவர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து நோட்டைப் பார்த்தால் உடனே தொடங்கிவிடுவேன்.

மியூவான் என்ற துகளும் மதுரையில் ஆராயப்படுகிறது. விண்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் மியூவான்கள் நம் உள்ளங்கையை நொடிக்கு ஏறக்குறைய ஒன்று என்ற கணக்கில் துளைத்துக்கொண்டு போகின்றன. நியூட்ரினோ என்ற இன்னொரு நுண்துகளை ஆராயத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட 50,000 டன் கருவியின் சின்ன முன்மாதிரி, 85 டன் எடையில், மதுரையில் வைக்கப்பட்டு மியூவான்களைப் பதிவு செய்தது. பொட்டிப்புரம் திட்டத்துக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது தனிக் கதை. மலையையும் தண்ணீரையும் பற்றிய பயம் அந்த மக்களுக்கு உண்மையான பயம். ஆனால் அந்த வருடங்களில் அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் விஞ்ஞானிகள் வாராவாரம் உட்கார்ந்திருந்தால், நியூட்ரினோ என்ன செய்யும், பாறையைக் குடைவது என்ன செய்யும் என்ற இரண்டு கேள்வியையும் அந்த ஊர்ப் பிள்ளைகளே தனித்தனியாகப் பிரித்துக் கேட்டிருப்பார்கள். சம்மதமோ எதிர்ப்போ, தெரிந்து சொல்வதாக இருந்திருக்கும்.

நடைமுறையில் இடிக்கும் இடங்களும் உண்டு. முதலாவது மொழி. கல்லூரியில் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுவதால், நல்ல மனதோடு வரும் மாணவர்கள்கூட வாயைத் திறந்ததும் ஆங்கிலத்தில் பொழிந்துவிடுகிறார்கள், எங்கள் பிள்ளைகள் உடனே கையைக் கட்டிக்கொள்கிறார்கள். அதே லேபில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு எம்.எஸ்சி. பையன், “இங்க பாரு, இந்தப் புள்ளிய மட்டும் பாரு, ஏன் தனியா நிக்குது?” என்று கேட்டதும் பத்துப் பேர் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்குப் போனவர்களைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்று பேராசிரியர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பொறியியலிலும் வேளாண்மையிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிப் போனவர்கள் இப்போது அந்தந்தக் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள்.

இரண்டாவது நேரம். கல்லூரி ஆசிரியருக்கு ஆய்வுக் கட்டுரை கணக்கில் வரும், எங்கள் பள்ளியில் செலவழித்த சனிக்கிழமை வராது. இதை மாற்றுவது என் கையில் இல்லை. ஆனால் கையில் இருக்கும் ஒரு வழி என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டம். ஒரு தொண்டர் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். மரம் நடுவதும் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்வதும் நல்லதுதான். அந்த 120-இல் முப்பது மணி நேரம் பக்கத்து அரசுப் பள்ளி லேபுக்கு வரட்டும். எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் தண்ணீர் மாதிரிகளை எங்கள் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டு, முடிந்ததும் முடிவுகளோடு ஒரு நாள் வந்து பேசட்டும். அந்தக் கடைசிப் பேச்சு முக்கியம். மாதிரியை வாங்கிக்கொண்டு போய் அப்புறம் திரும்பிப் பார்க்காமல் போனவர்களும் உண்டு. பிள்ளைகள் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவது, எங்களைப் போன்ற ஆசிரியர்கள். பிள்ளைகளுக்கு மட்டும் முகாம் நடத்திவிட்டு ஆசிரியரைப் பின் வரிசையில் உட்காரவைப்பது வீண். பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துப் போய்விடுவார்கள், அடுத்த பேட்சுக்கு நான்தான் இருப்பேன். நான் எம்.எஸ்சி. முடித்த பிறகு எனக்குத் தெரியாத விடையைத் தேடி யாரோடும் உட்கார்ந்ததில்லை. ஸ்கூல் முடிந்து எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவேற்றம், நோட்டுத் திருத்தம், அப்புறம் வீடு. நிழல் மங்கலைப் பற்றி அந்த மாணவர்களோடு பேசிய சாயங்காலம், படித்த காலத்து இயற்பியல் எனக்குள் மறுபடி அசைந்தது. ஒவ்வொரு கல்லூரித் துறையும் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து பள்ளியின் அறிவியல் ஆசிரியர்களைத் தன் கருத்தரங்கத்துக்கு வந்து கேட்க விட்டாலே பெரிய மாற்றம் வரும். பெண் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது என்றால் தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, இருட்டுவதற்குள் ஊருக்குப் போகும் பஸ் எல்லாம் பார்க்க வேண்டும். அதனால்தான் கல்லூரி பள்ளிக்கு வருவதையே நான் அதிகம் விரும்புகிறேன்.

இந்த ஆகஸ்டுக்கு நிழல் சோதனையை மறுபடி செய்யப் போகிறோம். சென்னையோடு செய்ததில் கோணம் மூன்று பாகைதான், அதனால்தான் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரிந்தது. போன வருடம் செய்த பிள்ளைகளே அட்லஸை விரித்து வைத்து ஒரு ஊரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஹைதராபாத் ஏறக்குறைய மதுரைக்கு நேர் வடக்கே இருக்கிறது, கோணம் ஏழு பாகையைத் தாண்டும், ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் 13 சென்டிமீட்டர் வரும். உச்சிப்பொழுதும் ஓரிரு நிமிடத்துக்குள் ஒத்துப்போகும். ஆகவே ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராகவோ பல்கலைக்கழக மாணவராகவோ யாராவது இதைப் படித்தால், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு மதியம் எங்களுக்கு வேண்டும். மழைக்காலம் என்பதால் முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்து ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை போட்ட அட்டையின் அளவை எங்கள் பிள்ளைகள் வரைந்து அனுப்புவார்கள்.